பாறைக் கடற்கரையில் வீடு: கடைப் பொருட்களில் எது தாங்கும், எது தாங்காது

முட்டம், கடியப்பட்டணம் பக்கம் பாறைத் திட்டில் வீடு கட்டுபவருக்கும், சென்னைக்குத் தெற்கே கோவளம், நெம்மேலி பக்கம் மணலில் கட்டுபவருக்கும் கடைக்காரர் நீட்டும் கேட்டலாக் ஒன்றுதான். 'கோஸ்டல்', 'மரைன்', 'ஆன்டி கரோஷன்' என்று எல்லாப் பெட்டியிலும் அச்சடித்திருக்கும். ஆனால் அலை பாறையில் மோதி உடைந்தால் எழும் திவலை, மணலில் படுத்து ஓயும் அலையில் எழுவதைவிட மிக அதிகம். குமரிக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அந்தத் திவலையை நேராகச் சுவரில் கொண்டுவந்து பூசிவிட்டுப் போகும். பெரிய கண்ணாடி, மெல்லிய சன்ஷேடு, ஸ்டீல் கைப்பிடி என்று இன்றைய பாணியில் வீடு கேட்பவர்கள் வாங்கும் பொருட்களை அந்தக் கரையை மனதில் வைத்தே இங்கே மதிப்பிட்டிருக்கிறோம். பிராண்டு ஆண்டுக்கு ஆண்டு மாறும்; பில்லில் எழுதி வாங்க வேண்டிய கிரேடு மாறாது. அதனால் கம்பெனிப் பெயர்களை விட்டுவிட்டு கிரேடுகளையே பேசுகிறோம்.

ஒன்றை முதலிலேயே முடித்துவிடலாம். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் நிலம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும். கிராமப்புறக் கரையென்றால் கட்டவே கூடாத பட்டையும் அதற்குள் இருக்கும். பட்டா கையில் இருப்பதால் மட்டும் கட்ட முடியாது. மண்டல வரைபடத்தில் சர்வே எண்ணைப் பார்க்காமல் ஆர்க்கிடெக்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

கவர் பிளாக்: வீட்டிலேயே மலிவான பொருள், முதல் மதிப்பெண்

கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளி முகத்துக்கும் நடுவே இருக்கும் கனம்தான் கவர். உப்பு உள்ளே ஊறிக் கம்பியைத் தொட எடுக்கும் காலம், இந்தக் கனத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போகும். 50 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 25 வைத்தால் ஆயுள் பாதியாகக் குறையாது, ஏறக்குறைய கால் பங்குதான் மிஞ்சும். அதன் பிறகு துரு, தான் தின்ற இரும்பைப்போல் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் வெடித்துத் தோலாக உரியும்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456:2000 கடலோரச் சூழலை 'சிவியர்' (கடுமை) என்கிறது: எம்30 கான்கிரீட் (எண் கூடினால் வலு கூடும்), நீர்–சிமென்ட் விகிதம் அதிகபட்சம் 0.45, கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்ட், கவர் 45 மி.மீ. கடல் திவலை நேராகப் படும் பரப்பு 'வெரி சிவியர்': எம்35, அதே 0.45, 340 கிலோ, கவர் 50 மி.மீ. பாறைக்கரை வீட்டின் கடல் பார்த்த முகம் முழுவதையும் இரண்டாவது வகையில் வைத்தே டிசைன் செய்ய வேண்டும். எம்35 அல்லது அதற்கு மேல் போட்டால் கவரில் 5 மி.மீ. குறைத்துக்கொள்ளலாம் என்று அதே விதியில் ஒரு சலுகை உண்டு. அதை இங்கே தொடவே வேண்டாம்.

இந்தக் கவரை அளப்பது மெயின் கம்பியிலிருந்து அல்ல, வெளியே சுற்றும் ரிங்கிலிருந்து. இங்கேதான் ஊர்ப் பழக்கமான ஒன்பது அங்குலத் தூண் அடிபடுகிறது. 230 மி.மீ. தூணில் இரு பக்கமும் 45 விட்டால் மிச்சம் 140. 8 மி.மீ. ரிங் இரு பக்கமும் போனால் 124. அதற்குள் 16 மி.மீ. கம்பிகளை நிறுத்தினால் மையத்துக்கு மையம் 108 மி.மீ.தான். ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் 25 கவருக்குக் கணக்குப் போட்ட தூணை சைட்டில் 45 கவருக்கு மாற்றினால் அதன் வலு குறைந்துவிடும். அதனால் மேஸ்திரி மாற்ற மாட்டார். இந்தக் கரையில் தூணின் குறைந்த பக்கம் 300 மி.மீ. என்று வரைபடத்திலேயே முடிவு செய்வதுதான் வழி.

சன்ஷேடுக்கும் இதே கணக்குதான். 75 மி.மீ. கனத்தில் கத்தி முனைபோல நீட்டிய சன்ஷேடு படத்தில் அழகு. கடல் திவலை நேராகப் படாத பக்கத்திலேயே மேலே 45, கீழே 45, நடுவே 8 மி.மீ. கம்பி குறுக்கும் நெடுக்கும் 16: மொத்தம் 106. ஆகவே 110–120 மி.மீ.க்குக் குறைந்த எந்தத் தகடும் கருப்புக் கம்பிக்கு (பூச்சில்லாத சாதாரணக் கம்பிக்கு) இடம் தராது. கடலோரத்தில் முதலில் உரிவது பெரும்பாலான வீடுகளில் சன்ஷேடின் அடிப்பக்கமாக இருப்பதற்கு இதுதான் காரணம். மெல்லிய கோடுதான் வேண்டும் என்றால், தகட்டின் முன் விளிம்பை மட்டும் கீழ்ப்பக்கம் சரித்து மெலிதாகக் காட்டலாம். கம்பி விளிம்புக்கு முன்பே நின்றுவிட வேண்டும்.

இந்தக் கவர் குறையாமலிருக்கக் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே வைக்கும் துண்டுதான் கவர் பிளாக். அதில் மூன்று வகை கிடைக்கும். ஆலையில் அழுத்தி வார்த்த கான்கிரீட் பிளாக், போடும் கான்கிரீட்டுக்குச் சமமான வலு உள்ளதாக இருந்தால், அதுதான் சரி. பிவிசி பிளாக் மலிவு, வேகம். ஆனால் கான்கிரீட் அதோடு ஒட்டாது, ஓரத்தில் விடும் மயிரிழை வழியாக உப்பு நீர் நேராகக் கம்பிக்குப் போகும். கடல் முகத்தில் அது வேண்டாம், உள் சுவர்களில் பரவாயில்லை. சைட்டிலேயே மீந்த கலவையில் தட்டிப்போடும் பிளாக் ஊறுகிற பஞ்சு. அதைவிட மோசம் ஜல்லித் துண்டை முட்டுக் கொடுப்பது. பிளாக் வைக்கும் இடைவெளி: தளத்தில் முக்கால் மீட்டருக்கு ஒன்று, தூணிலும் பீமிலும் ஒரு மீட்டருக்குள் ஒன்று. கட்டுக் கம்பியின் வால் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் கவர் முழுவதும் வீண். எல்லா வாலையும் உள்ளே மடக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் போடும் காலையில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியது இந்த வால்களைத்தான்.

சிமென்ட்: எஸ்ஆர்சி-க்குக் கிடைத்த பெயர் தகுதிக்கு மேல்

"கடலோரமா? அப்போ எஸ்ஆர்சி எடுத்துக்கோங்க சார்" என்பது கடைகளில் மனப்பாட வசனம். எஸ்ஆர்சி என்பது சல்பேட்டைத் தாங்கச் செய்த சிமென்ட். அதற்காக அதில் டிரைகால்சியம் அலுமினேட் என்ற சேர்மத்தைக் குறைத்திருப்பார்கள். கடல் உப்பில் இருக்கும் குளோரைடைப் பிடித்துக் கட்டிவைப்பது அதே அலுமினேட்தான்; ஆக, கம்பிக்கு வரும் உப்பை எஸ்ஆர்சி குறைவாகவே தடுக்கும். தரைக்கு மேலுள்ள வீட்டுக்கு முக்கிய எதிரி குளோரைடு. அதற்கு இரும்பாலைக் கசடு கலந்த பிஎஸ்சி சிமென்ட், ஐஎஸ் 455 முத்திரையோடு, நல்ல தேர்வு. தரமான பிபிசி (சாம்பல் கலந்த சிமென்ட்) அடுத்தது.

பிஎஸ்சி-க்கு ஒரு குணம் உண்டு: வலு மெதுவாக ஏறும். ஓபிசி (கலப்பில்லாத சாதாரண சிமென்ட்) பழக்கத்தில் ஏழாம் நாளோடு தண்ணீரை நிறுத்தினால் மேல் தோல் துளை துளையாக நின்றுவிடும், அந்தத் தோல்தான் நாம் காசு கொடுத்த கவர். கலப்பு சிமென்டுக்கு விதி கேட்பது குறைந்தது 10 நாள். 14 நாள் சாக்கு போர்த்தி நனைப்பது நல்லது. காற்று அடிக்கும் பாறை மேட்டில் வெறுமனே தெளித்த தண்ணீர் பத்து நிமிடம்கூட நிற்காது.

தண்ணீர்க் கணக்கு எளிது. நீர்–சிமென்ட் விகிதம் 0.45 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர். ஐந்து லிட்டர் கூடினால் 0.55 ஆகிவிடும், அது உப்புக் காற்றே படாத வீட்டுக்கு விதி அனுமதிக்கும் அளவு. மூட்டைக்கு 100 கிலோ எம்-சாண்ட் போகிறது, அதில் 4 சதவீதம் ஈரம் என்றால் அந்த நான்கு லிட்டரையும் 22.5-இலிருந்து கழிக்க வேண்டும். கலவை இறுகலாக இருக்கிறது என்று கொத்தனார் வாளியைத் தூக்கினால், கொடுக்க வேண்டியது பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் ரசாயனம்). கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கரையோர போர்வெல் பலவற்றில் இது தாண்டும், அதனால் கலக்கவும் நனைக்கவும் லாரித் தண்ணீர்தான். லாரித் தண்ணீரையும் ஒருமுறை லேபில் கொடுத்துப் பாருங்கள்.

கம்பி

எபாக்ஸி பூசிய கம்பி (ஐஎஸ் 13620) பார்க்க நம்பிக்கை தரும். பூச்சு 0.1 முதல் 0.3 மி.மீ. வரை. முழுசாக இருக்கும்வரை அருமையான பொருள்தான். சிக்கல் சைட்டில் தொடங்கும்: லாரியிலிருந்து தள்ளி இறக்குவது, வெறும் பின்னில் வளைப்பது, சாதாரணக் கட்டுக் கம்பியால் முறுக்குவது, மேலே நின்று வைப்ரேட்டர் விடுவது. ஒவ்வொன்றும் ஒரு கீறல். பூச்சு மூடிய நீளம் முழுக்கச் சும்மா இருக்க, அரிப்பு அந்தக் கீறல் ஒன்றிலேயே குவிந்து குழி தோண்டும். அமெரிக்காவில் ஃப்ளோரிடா கீஸ் தீவுப் பாலங்களில் இந்தக் கம்பி போட்ட அடிக்கட்டுமானம் பத்து ஆண்டு நிறையும் முன்பே, 1986-இல், அரிப்பைக் காட்டியது. போதாக்குறைக்கு வழுவழு பூச்சில் பிடிமானம் குறைவதால் கான்கிரீட்டுக்குள் கம்பி பிடித்து நிற்கும் நீளமும் (ஆங்கரேஜ்), இரு கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போகும் நீளமும் (லேப்) கூட்ட வேண்டும். நைலான் பட்டை, உறை போட்ட வளைக்கும் பின், பிளாஸ்டிக் பூசிய கட்டுக் கம்பி, வெட்டு முனைக்கு டச்-அப் டப்பா எல்லாம் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பாலக் கம்பெனிக்கு இது சரி. வீட்டு சைட்டுக்கு எங்கள் பதில்: வேண்டாம்.

காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உருவாக்கிய சிமென்ட்–பாலிமர் பூச்சு நம் ஊர்ச் சரக்கு. கம்பியை மணல் பீய்ச்சி வெள்ளையாக்கி, முறைப்படி பூசி, உலரவிட்டால் பலன் உண்டு. துருவைத் துடைத்துவிட்டுத் தட்டு மேல் வைத்துத் தூரிகையால் இரண்டு கோட் அடிப்பது அந்தப் பூச்சு ஆகாது. பெரும்பாலான வீட்டு சைட்டுகளில் நடப்பது இந்த இரண்டாவதுதான்.

'சிஆர்எஸ்' முத்திரைக் கம்பியில் தாமிரம், குரோமியம் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். வெளியே அடுக்கி வைத்திருக்கும்போது துருப் பிடிப்பதைத் தள்ளிப்போடும். கான்கிரீட்டுக்குள் உப்பு வந்துவிட்டால் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். விலை வித்தியாசம் சிறிதென்றால் எடுக்கலாம், அதைக் காட்டிக் கவரைக் குறைக்கக் கூடாது.

எங்கள் தேர்வு துத்தநாகம் பூசிய கால்வனைஸ் கம்பி (ஐஎஸ் 12594), வீடு முழுக்க அல்ல, சன்ஷேடு, பால்கனி முனை, கைப்பிடிச் சுவர், வெளிப் படிக்கட்டு ஆகியவற்றுக்கு மட்டும். துத்தநாகம் சிறு கீறலைத் தன்னைக் கொடுத்துக் காக்கும். அதனால் சைட் முரட்டுத்தனத்தை எபாக்ஸியைவிட நன்றாகத் தாங்கும். முடிந்தவரை வளைத்த பிறகு துத்தநாகத்தில் முக்கி எடுங்கள். வெட்டு முனையில் ஜிங்க் பெயின்ட் அடியுங்கள். சன்ஷேடு கம்பி பீமுக்குள் போகும் இடத்தில் கருப்புக் கம்பியைத் தொட்டால் துத்தநாகம் வீணாகக் கரையும். நடுவே பிளாஸ்டிக் துண்டு கொடுங்கள், அல்லது அந்த பீமையும் கால்வனைஸ் கம்பியிலேயே கட்டுங்கள்.

ஸ்டெயின்லெஸ் கம்பி? மெக்சிகோவின் புரோகிரெசோ துறைமுகப் பாலத்தில் 1937–41-இல் 304 கிரேடு கம்பி போட்டார்கள். அது இன்றும் நிற்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்திலும் ஸ்டெயின்லெஸ் கம்பி உண்டு. வீட்டுக்கு விலை கட்டுப்படியாகாது. ஆர்க்கிடெக்ட் விடாப்பிடியாக மெல்லிய தகடு கேட்கும் ஒன்றிரண்டு இடத்துக்கு மட்டும் யோசிக்கலாம்.

மற்ற இடமெல்லாம் சாதாரண டிஎம்டி போதும், வெட்டு முகத்தைச் சோதித்து வாங்கினால். முனையைத் தேய்த்து மெருகேற்றி நைட்டால் கரைசல் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) ஒரு சொட்டு விட்டால் வெளி வளையம் கருத்துத் தெரியும். வளையம் முழுதாக, ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் அறுந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். கடல் பார்த்த சைட்டில் மாதக்கணக்கில் கம்பியைக் குவித்து வைக்காமல் தளத்துக்குத் தளம் இறக்குங்கள். கட்டி முடித்த கூடு உப்புப் படிந்து நின்றால் கான்கிரீட்டுக்கு முன் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

பாறையில் துளையிட்டுப் பசை நிரப்பிக் கம்பி நடும் கெமிக்கல் ஆங்கர் பற்றி ஒரு வார்த்தை. 12 மி.மீ. கம்பிக்கு 16, 16 மி.மீ. கம்பிக்கு 20 மி.மீ. துளை. பசை நல்லதாக இருந்தும் கம்பி கையோடு வருவதற்குக் காரணம் துளைக்குள் தூசி. ஊது, பிரஷ் விடு, மறுபடி ஊது. அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே மேலே வா. மேல் வாயிலிருந்து பிதுக்கினால் அடியில் காற்று சிக்கும். மட்கிய மேல் பாறை தட்டினால் பொத்தென்று ஒலிக்கும். அதற்குள் நட்ட நீளத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஜன்னலும் கண்ணாடியும்

இதில் விற்பனையாளர் காற்றைப் பற்றிப் பேசுவார், தண்ணீரைப் பற்றிப் பேச மாட்டார். காற்றுச் சுமைக்கான விதியான ஐஎஸ் 875 பகுதி 3-இன்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், திருவனந்தபுரத்துக்கு 39; முட்டம் கரையும் 39 வட்டாரம்தான். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கியது: 39-க்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 910 நியூட்டன். சென்னையைவிடக் குறைவு என்று நிம்மதி அடைய வேண்டாம். சரிவின் உச்சியில் நிற்கும் வீட்டுக்கு நில அமைப்புக் காரணி 1.36 வரை போகும். அதையும் சேர்த்தால் அழுத்தம் 1,690-ஐ நெருங்கும். சமதளச் சென்னையின் 1,500-ஐத் தாண்டிவிடும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயலைப் பார்த்த மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது தண்ணீர். காற்றழுத்தம் 100 பாஸ்கல் (சதுர மீட்டருக்கு 100 நியூட்டன்) ஏறினால் ஜன்னல் தடத்தில் நிற்கும் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் உயரும். சாதாரண ஸ்லைடிங் ஜன்னலின் உள் விளிம்பு நாலைந்து சென்டிமீட்டர். 500 பாஸ்கலில் தண்ணீர் சோபாவுக்கு வந்துவிடும். அதனால் கேட்க வேண்டியது 'எத்தனை பாஸ்கல் வரை நீர் புகாமை சோதனை?' என்பது. 600 பாஸ்கல் (9ஏ வகுப்பு) சோதனைச் சான்று இல்லாத எதையும் கடல் முகத்தில் வைக்காதீர்கள். ஸ்லைடிங்கின் பிரஷ் சீல் காற்றை மட்டுப்படுத்தும், தண்ணீரைத் தடுக்காது. பல இடத்தில் பூட்டும் கேஸ்மென்ட் (கீலில் திறக்கும் ஜன்னல்) ரப்பரை அழுத்தி மூடும்; இந்தக் கரைக்கு அதுவே சரி. பெரிய ஸ்லைடிங் கதவு கட்டாயம் வேண்டுமென்றால் நில முகத்தில் வையுங்கள், அல்லது ஆழமான வராந்தாவுக்குப் பின்னால் தள்ளுங்கள்.

யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) பிரேம் துருப் பிடிக்காது, உண்மை. ஆனால் உள்ளே இருக்கும் இரும்புப் பட்டையும் வெளியே இருக்கும் கீலும் பிடிக்கும். அலுமினியத்தில் பவுடர் கோட்டிங் மூலை வெட்டிலும் துளை விளிம்பிலும் புழுப் பாதை மாதிரி உரியத் தொடங்கும். 'சீசைடு' முன்-சுத்திகரிப்போ, 25 மைக்ரான் அனோடைசிங்கோ எழுதி வாங்குங்கள். இரண்டிலும் உயிர் கீல், பூட்டு போன்ற ஹார்டுவேரில்தான் இருக்கிறது: உப்புத் தெளிப்புச் சோதனையில் 240 மணி நேரம் நான்காம் தரம், 480 மணி நேரம் ஐந்தாம் தரம். ஐந்தையே கேளுங்கள். அலுமினியத்தில் ஜிங்க் ஸ்க்ரூ வேண்டாம். 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, நடுவே நைலான் வாஷர். ஸ்டெயின்லெஸ் தகட்டில் அலுமினிய ரிவெட் அடிப்பது எல்லாவற்றிலும் மோசம், ரிவெட் தூளாகிவிடும்.

கண்ணாடி டஃபன் செய்தது (சூடேற்றி வலுவாக்கியது), ஹீட் சோக் சோதனை (மறுபடி சூடாக்கிப் பார்ப்பது) முடிந்தது, லேமினேட் செய்தது (நடுவே படலம் வைத்து ஒட்டியது) என்று மூன்றுமாக இருக்க வேண்டும். பால்கனித் தடுப்பில் விளிம்பு திறந்து நின்றால் வழக்கமான பிவிபி படலம் ஓரத்தில் வெளுத்துப் பிரியும். அங்கே மட்டும் அயனோபிளாஸ்ட் படலத்துக்குச் செலவு செய்யலாம்.

கைப்பிடி ஸ்டீல்

304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வெளியே வைத்தால் முதல் பருவத்திலேயே தேநீர் நிறத்தில் துருக்கறை. அலை உடையும் இடத்திலிருந்து 5 கி.மீ. வரை இந்தக் கறை வருவது சகஜம். 316-இல் 2–3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் தாங்கும், ஆனால் மெருகு முரடாக இருந்தால் அதிலும் கறை. மேற்பரப்பு முரடு 0.5 மைக்ரானுக்குக் கீழே என்று எழுதி வாங்குங்கள், கோடு செங்குத்தாக ஓட வேண்டும். வெல்டிங் செய்த நீல நிறத்தைப் பிக்ளிங் பேஸ்டால் எடுக்க வேண்டும். சாதா இரும்பு அரைத்த கிரைண்டிங் சக்கரத்தை இதில் வைத்தால் இரும்புத் தூள் பதிந்து, 316-ம் துருப் பிடித்ததுபோல் ஆகும். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பலன் இல்லை. 202, 304, 316 மூன்றும் அநேகமாக ஒட்டாது. மாலிப்டினம் சொட்டு கிட் ஒன்று வாங்கி, இறங்கும் ஒவ்வொரு குழாயிலும் பாருங்கள். கண்ணாடி பிடிக்கும் ஸ்பிகாட் 2205 டூப்ளெக்ஸ் என்ற ஸ்டெயின்லெஸ் கிரேடில் கிடைக்கிறது. அது 316-ஐவிட மேல்.

ஏசி வெளி யூனிட்டில் 'புளூ ஃபின்' (நீலப் பூச்சுப் பூசிய மெல்லிய தகடுகள்) இருந்தால் நல்லது, ஆனால் முதலில் போவது அடித்தகடும் பிராக்கெட்டும். நில முகத்தில் மாட்டி, 316 பிராக்கெட் போடுங்கள். ஆசிட் கலந்த காயில் கிளீனர் வேண்டாம்.

மழை கழுவும் பரப்பைவிடச் சன்ஷேடுக்கு அடியில் ஒதுங்கிய பரப்பில்தான் உப்பு சேரும். ஜன்னல் தலைப்பகுதி, கைப்பிடியின் அடிப்பக்கம், ஏசி காயில் மூன்றையும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அதற்குக் கடல் முகத்தில் ஒரு குழாய், மொட்டை மாடியில் ஒரு குழாய், இரண்டும் மழைநீர்த் தொட்டி அல்லது குடிநீர் இணைப்பிலிருந்து. பிளம்பர் எளிது என்று போர்வெல் லைனிலிருந்து இழுத்துவிடுவார். வரைபடத்திலேயே தனி லைனாகக் குறித்துக் கொடுங்கள்.